யன்னலில் தெரியும் கடல்

ஜனவரி 6

வந்து சேர்ந்துவிட்டேன். கெல்வின்டன் தோட்டத் தமிழ் மகா வித்தியாலயம். 'மகா' பெயர்ப்பலகையில் மட்டும்தான். நான்கு கட்டடங்கள். ஒன்றில் பாதிக் கூரை இல்லை. கல்வியியற் கல்லூரியை முடித்த ஆசிரியர்கள் முதல் மூன்று வருடம் கஷ்டப் பிரதேசத்தில் படிப்பிக்க வேண்டும். நியமனக் கடிதத்திலேயே 'கஷ்டப் பிரதேசம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியர் விடுதியில் இரண்டு அறை, ஒரு குசினி. மற்ற அறையில் மனோரஞ்சிதம் ரீச்சர். விஞ்ஞானம். அவரும் யாழ்ப்பாணம்தான். ஐம்பத்து நான்கு வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில். நான் பையைக் கீழே வைக்கவில்லை, அவருடைய எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணி வந்துவிட்டது.

"குளிர் பழகும் மட்டும் இந்தப் போர்வையை வைச்சிரும் பிள்ளை. நீர் யாழ்ப்பாணத்திலை எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, அங்கையோ! அதுக்குள்ளை எவடம்?"

"கோயிலடி."

"அம்மன் கோயிலடியோ? என்ரை சின்னம்மான்ரை மகள் அங்கைதான் கலியாணம் கட்டினவள்." முகம் மலர்ந்துவிட்டது. என் டம்ளரில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து கோயிலடி கால் மணி நேர நடை. பெரிய பொய் இல்லை.

ஜனவரி 7

பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி வந்து மலையை மூடிவிடுகிறது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் போன் எடுக்கும். நின்றேன். கதைக்க ஆளில்லை.

ஜனவரி 9

பத்தாம் வகுப்பு. இருபத்து மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் 'ரீச்சர்' என்பது இங்கே 'டீச்சர்'. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

முதல் பாடத்தைக் கட்டுரையோடு தொடங்க வேண்டும் என்று கல்லூரியிலேயே முடிவு செய்திருந்தேன். 'நானும் என் நாடும்.' ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பிழை பார்க்க மாட்டேன், யார் நீங்கள் என்று சொல்லுங்கள், போதும் என்றேன். பாடம் முடிய முன்பே இருபத்து மூன்று கொப்பிகளும் மேசைக்கு வந்துவிட்டன. கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டேன். மடைச்சி.

ஜனவரி 10

இருபத்து மூன்றும் ஒரே கட்டுரை.

'என் நாடு இந்து சமுத்திரத்தின் முத்து. காலையில் என் வீட்டு யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. நான் இந்த நாட்டின் பெருமைமிக்க மகன்.' பதினான்கு பெண்பிள்ளைகளும் மகன்கள். டவுனில் விற்கும் கைட் புத்தகத்தில் இது நாற்பதாம் பக்கமாம். ஏழாம் வகுப்பிலிருந்து பாடமாக்கி வருகிறார்களாம். போன வருட ரீச்சர் இதற்கு முழுப் புள்ளி போட்டிருக்கிறார்.

"கடலை நேரிலை பாத்தவை கையை உயர்த்துங்கோ."

இரண்டு கை.

கடைசி வாங்கிலிருந்து லோகிதன் எழும்பினான். "டேம்ல தண்ணி ரொம்புனா கடல் மாதிரிதான் டீச்சர் இருக்கும்."

"உன்ரை வீட்டு யன்னலாலை டேம் தெரியுமோ?"

"எங்க வீட்ல ஜன்னலே இல்ல டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யாரோ கொழும்பில் கடற்கரை வீட்டில் இருந்து எழுதிய யன்னலை இந்த மலை முழுக்கக் கொடுத்து, திறந்து பார் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளும் கேள்வி கேட்காமல் திறந்திருக்கிறார்கள்.

கரும்பலகையில் ஒரே ஒரு விதி எழுதினேன்: கண்ணால் காணாததை எழுதக்கூடாது. உங்கள் வீடு எங்கே, உங்களை யார் என்ன கேட்கிறார்கள், நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள். பத்து நாள் அவகாசம்.

"டீச்சர் நீங்களும் எழுதுவீங்களா?" முன்வாங்கில் ஒரு பிள்ளை. யுவராணி. குரல் சின்னது, கேள்வி சின்னதில்லை.

"எழுதுறன்" என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். விடுதி வாசலில் மனோரஞ்சிதம் ரீச்சர் கல் வைத்துப் பொங்கினார். முதல் கரண்டியை எனக்குத்தான் போட்டார், தன்னுடைய தட்டில். "தனியப் பொங்கிப் பொங்கி எட்டு வருஷம். இந்த வருஷம்தான் பிள்ளை பொங்கல் மாதிரி இருக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்.

தண்ணீர்த் தாங்கியடியில் நிற்க அம்மா போன் எடுத்தா. பொங்கினியோ, குளிரோ, சாப்பாடு என்ன. கடைசியாக, "ஏதும் கேட்டவையோ?"

"ம்."

"என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொல்லித் தந்ததைத்தான்."

"நல்லது" என்றா அம்மா.

ஜனவரி 21

கட்டுரைகள் வந்தன. பதினேழு பேர் கடலை எடுத்துவிட்டுத் தேயிலையைப் போட்டிருக்கிறார்கள், மிச்சம் அப்படியே. ஐந்து பேர் உண்மையாக முயன்றிருக்கிறார்கள். லோகிதன் தன் நாட்டில் யன்னல் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

யுவராணியின் கட்டுரையை நான்கு தடவை வாசித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

'நான் கெல்வின்டன் தோட்டம் மேல்பிரிவில் இருக்கிறேன். ஐந்தாவது லயத்தின் வரிசை அறைகளில் எங்கள் காம்பரா மூன்றாவது. ஒரு யன்னல் இருக்கிறது. அதில் தெரிவது அடுத்த லயத்தின் சுவர். எனக்குக் கடிதம் போட்டால் அது துரையின் ஒபிசுக்கு வரும். அங்கே நேரம் இருந்தால் எங்களுக்கு வரும். டவுனுக்குப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்து எந்தத் தோட்டம் என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவரை அப்படிக் கேட்க மாட்டார். என் உடுப்பில் தோட்டம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று நான் தேடியிருக்கிறேன்.

என் அக்கா சுபாஜினி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அங்கே எல்லோரிடமும் கண்டி டவுன் என்று சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு வந்து திரும்பும்போது கொழும்புக்கு நேரே பஸ் இருக்கிறது. அவள் அதில் ஏற மாட்டாள். சுற்றிக்கொண்டு கண்டிக்குப் போவாள். அங்கே ஒரு கடையில் இனிப்பு வாங்கி, அந்தக் கடையின் பெயர் போட்ட பையோடு கொழும்புக்குப் போவாள். அரை நாள் கூடுதலாகும். என் அக்காவின் தேசிய அடையாளம் அந்தப் பை.'

பதினைந்து வயது.

எந்தத் தோட்டம் என்ற அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதன் பெயர் 'எவடம்'. முதலில் ஊர், பிறகு குறிச்சி, பிறகு எந்தக் கோயில், பிறகு எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள். நான்கு கேள்விக்குள் ஆளுடைய சாதியைப் பிடித்துவிடுவார்கள். சாதி என்ற சொல்லை மட்டும் ஒருவரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

இருபதுக்கு இருபது போட்டேன். கீழே 'துணிச்சலான எழுத்து' என்று எழுதினேன்.

என்னுடைய கட்டுரையைப் பிள்ளைகள் கேட்டார்கள். வேலை கூடிவிட்டது என்றேன்.

பெப்ரவரி 3

நாளைக்குச் சுதந்திர தினம். கொடிக்கம்பத்துக்கு வெள்ளையடித்தோம்.

பத்தாம் வகுப்புக்குத் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்ப வேண்டும். வகுப்பாசிரியர் என்பதால் என் தலையில். 'நிரந்தர முகவரி' என்ற கோட்டில் இருபத்து மூன்று தடவையும் ஒரே முகவரி எழுதினேன்: கெல்வின்டன் தோட்டம், மேல்பிரிவு. நூற்று நாற்பது குடும்பங்களுக்கு ஒரு முகவரி. நூற்றைம்பது வருடமாக இந்த மலையைச் சுரண்டியவர்களுக்கு ஒரு வாசலுக்கு ஒரு நம்பர் போட நேரம் கிடைக்கவில்லை.

பின்னேரம் சம்பளக் கணக்கு திறக்க மனோரஞ்சிதம் ரீச்சரோடு வங்கிக்குப் போனேன். அவர்தான் படிவத்தை நிரப்பித் தந்தார். "அடையாள அட்டையைத் தாரும், நம்பரை எழுதுவம்." முன்பக்கம் தெரியக் கையிலேயே வைத்துக்கொண்டு நம்பரை வாசித்துக் காட்டினேன். முகவரி பின்பக்கம்.

மார்ச் 18

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. ரீச்சர் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். தன் மகளுக்குக் கட்டுவதுபோல ஊதி ஊதிக் கட்டினார்.

ஏப்ரல் 19

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மன் கோயில் தேர். அம்மா புதுச் சேலை கட்டி, கற்பூரம் வாங்கிக்கொண்டு வாய்க்காலடியில் நின்றா. தேர் வாய்க்கால்வரை வந்து திரும்பியது. வழமைபோல.

மனோரஞ்சிதம் ரீச்சருக்கு எள்ளுருண்டை கொண்டு போக வேண்டும் என்று அம்மா இரண்டு நாளாகச் செய்தா. "எங்கடை வீட்டிலை செய்தது எண்டு சொல்லு. கோயிலடிச் சாமான் எண்டு சந்தோஷமாய்ச் சாப்பிடட்டும்" என்று சொல்லிச் சிரித்தா. அம்மாவின் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

மே 12

வலய மட்ட ஆங்கில தினப் போட்டிக்குக் கட்டுரை அனுப்பச் சொல்லி அதிபர் மருதமுத்து சேர் கேட்டார். இதே தோட்டத்தில் பிறந்து, இதே பள்ளியில் படித்து, இங்கேயே அதிபராக வந்தவர். "டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு வலயத்துல கேட்டுப் பதினோரு வருசமாச்சுங்க. ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

யுவராணியின் கட்டுரையைத் தெரிவு செய்தேன். நல்ல தாளில் திரும்ப எழுத வைத்தேன். அவளுக்கு ஏதோ தயக்கம். கதைத்துச் சரி செய்துவிட்டேன்.

மே 30

முதலாமிடம்!

நடுவர் ஒருவர் என் கையைப் பிடித்து, இப்படி ஒன்றை இவ்வளவு காலத்தில் வாசித்ததில்லை என்றார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யுவராணி மேடையில் சான்றிதழை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரோ பறிக்கப் போவதுபோல. வரும் வழியில் வான் வண்டிக்குள் எல்லாப் பிள்ளைகளும் பாட்டு. லோகிதன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கடல் தெரியுது டீச்சர்!" என்று கத்தினான். வெளியே தேயிலையும் மழையும்தான்.

அதிபர் கட்டுரைத் தாளைப் படமெடுத்து, யுவராணியின் படத்தோடு பள்ளியின் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்.

ஜூன் 2

நானூற்றுப் பன்னிரண்டு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தாங்கியடியில் மழையில் குடையோடு நின்று எல்லாக் கருத்துகளையும் வாசித்தேன். இந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, நான் இங்கே வந்ததில் அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது.

ஜூன் 11

யுவராணி மூன்று நாளாக வரவில்லை. காய்ச்சல் என்கிறார்கள்.

ஜூன் 18

இடைவேளை. ஆசிரியர் அறையில் மனோரஞ்சிதம் ரீச்சரும் நானும் மட்டும். அவர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். குடையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கொழும்பு உடுப்பு, சேற்றுக் கால்.

"நீங்கதான் இங்கிலீஸ் டீச்சரா?"

"ஓம். வாங்கோ, இருங்கோ."

"நிக்கிறேன். நான் யுவராணியோட அக்கா. சுபாஜினி. அதான், நீங்க ஊரு பூரா காட்டுனீங்களே, அந்த சுபாஜினி."

நான் எழுந்துவிட்டேன்.

"கடையில யாரோ போன்ல பாத்திருக்காங்க. மறுநா காலையில போறேன், என் கவுண்டர் மேல அந்தப் பை. கண்டிக் கடைப் பை. போன தீவாளிக்கு நான் குடுத்ததுதான். மடிச்சி வச்சிருந்திருக்காளுங்க. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் பை. யாரும் ஒரு வார்த்த பேசல டீச்சர். பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன்."

"முதலாளி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவரு நல்லவருதாங்க. கொஞ்ச நாளைக்கு உள்ள நின்னு துணி மடிம்மா, வாற ஆக்கள் வெளிய நிக்கிற பிள்ளையளத்தான் பாப்பினம்னாரு. போர்டிங்ல ஒரு பிள்ள. நாலு வருசமா ஒரே தட்டுல சாப்புட்டோம். அவ புதுசா ஒரு தட்டு வாங்கிட்டு வந்துட்டா. அவளுக்கு. நான் பழசையே வச்சிக்கலாமாம்."

"இது அவையின்ரை பிழை. நீங்கள் ஏன் வெக்கப்பட வேணும்? நீங்கள் அங்கையே நிண்டு எதிர்த்து..."

"யாரு? நானா?" சிரித்தாள். "நீங்க இங்க ஒக்காந்து எழுதச் சொல்லுவீங்க, அவ எழுதுவா, நான் அங்க நின்னு எதுக்கணும். நல்லாருக்கே."

"யுவராணி எழுதினது உண்மை."

"நான் பொய்னு சொன்னேனா? உண்மதான். ஆனா அத எப்ப சொல்றது, யாருகிட்ட சொல்றதுன்னு நான்ல பாக்கணும்? அவ கத எழுத என் பையத்தான் எடுக்கணுமா?"

அவள் குடையை விரித்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர் யாழ்ப்பாணத்துல எவடம்?"

எங்கள் சொல். எங்கள் ஆட்களின் கடையில் நாலு வருடம் நின்று அதைப் பழகியிருக்கிறாள். மனோரஞ்சிதம் ரீச்சரின் பேனை நின்றது.

"கோயிலடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அது போகாமலே இருந்திருக்கலாம்.

"நானும் இப்பிடித்தான் டீச்சர்" என்றாள். "கேட்டதும் ஒரு மூச்சு நிப்பாட்டிட்டுத்தான் கண்டின்னு சொல்லுவேன்."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

"என்ன கதை கதைக்குது உது?" என்றார் மனோரஞ்சிதம் ரீச்சர். "ரீச்சர்மாரோடை கதைக்கிற மாதிரியே? தோட்டக்காட்டுப் பழக்கம். உவையளோடை அளவாய் வைச்சுக்கொள்ளும் பிள்ளை." பின்னேரம் எனக்கு மனம் சரியில்லை என்று கண்டு ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலோடு தன் எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டு வந்து தந்தார்.

சாப்பிட்டேன். எழுதி வைக்கிறேன். முழுவதையும் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 19

மே 12 அன்று எழுதாமல் விட்டது:

நல்ல தாளில் எழுத முதல் யுவராணி கேட்டாள், "அக்கா பேர எடுத்துரட்டுமா டீச்சர்?" வேண்டாம் என்றேன். "பை வர்ற எடத்தையாவது?" என்றாள். அதுதான் கட்டுரையின் உயிர், அதை எடுத்தால் வேறு ஒன்றும் இல்லை என்றேன். "அக்காக்கிட்ட ஒரு தடவ கேட்டுர்றேன்" என்றாள். நாளைக்குக் கடைசி நாள், நேரமில்லை என்றேன். உண்மையை எழுத யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்றும் சொன்னேன். இதை நான்தான் சொன்னேன். அட்டையை முன்பக்கம் தெரியப் பிடித்துக்கொண்டு வங்கியில் நின்றவள்.

கடைசி நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

ஜூன் 24

யுவராணி பள்ளிக்கு வந்தாள். முன்வாங்கு காலியாக இருக்கிறது, அவள் கடைசி வாங்கில். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கேட்காததற்கு ஒன்றும் இல்லை. சுபாஜினி தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டாள், கொழுந்து பறிக்கப் போகிறாளாம். காலையில் நான் வகுப்புக்குப் போகும்போது மேல்மலையில் கூடையோடு வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். எல்லோரும் தலையில் சாக்கைப் போர்த்தியிருக்கிறார்கள். யார் எவர் என்று தெரியாது. எல்லோரும் அவள் என்றே நினைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறேன்.

ஜூலை 1

மழை. இன்று ஒருவரோடும் கதைக்கவில்லை. 'குட் மோர்னிங் டீச்சர்' கணக்கில் இல்லை.

ஜூலை 9

தவணைப் பரீட்சைத் தாள்கள். கட்டுரைக்கு வந்த தலைப்பு: 'நானும் என் நாடும்.' வினாத்தாள் வெளியே இருந்து வருகிறது, என் கையில் இல்லை.

யுவராணியின் தாளைக் கடைசியாக எடுத்தேன்.

'என் நாடு இந்து சமுத்திரத்தின் முத்து. காலையில் என் வீட்டு யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. நான் இந்த நாட்டின் பெருமைமிக்க மகன்.'

ஒரு பிழை இல்லை. ஒரு வெட்டுக் குத்து இல்லை. அவ்வளவு அழகான கையெழுத்து.

பத்தொன்பது போட்டேன். ஏன் ஒன்றைக் குறைத்தேன் என்று யோசித்தேன். பிறகு அதையும் போட்டேன்.

ஜூலை 10

பின்னேரம் குசினி. மனோரஞ்சிதம் ரீச்சர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவினேன்.

"ரீச்சர், நான் கோயிலடி இல்லை."

"அப்ப எவடம்?"

"வாய்க்காலுக்கு அங்காலை."

கை மாவுக்குள் நின்றது. வாய்க்காலுக்கு அங்காலை என்றால் யார் என்று அவருக்குத் தெரியும். சின்னம்மாவின் மகள் அங்கேதானே கட்டியிருக்கிறாள்.

"ஓ" என்றார். பிறகு, "அதுக்கென்ன பிள்ளை, இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்?" என்றார். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பச் சொன்னார். புட்டை இறக்கும்போது மூன்றாவது தடவை.

சேர்ந்து சாப்பிட்டோம். தேர் எப்படி நடந்தது, மழை எப்போது விடும் என்று கதைத்தார். எனக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. ஆறு மாதம் எதற்குப் பயந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. மனிதர்களை நான்தான் குறைத்து நினைத்துவிட்டேன்.

ஜூலை 13

பள்ளியால் வந்தேன். என் அறைக் கதவடியில் சம்பல் இருந்தது. ஐஸ்கிரீம் பெட்டியில்.

"உதைத் திருப்பித் தரத் தேவையில்லைப் பிள்ளை" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் கொடுத்தார். "முடிய எறிஞ்சு விடும்."

குரலில் ஒரு குறையும் இல்லை. அதே அன்பு.

ஜூலை 15

குசினி அலுமாரியில் என் பக்கம் என்று ஒரு தட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. "உமக்கும் வசதி, எனக்கும் வசதி. நான் வெள்ளிக்கிழமையிலை மச்சம் புழங்கிறேல்லைத்தானே" என்றார். நானும் வெள்ளிக்கிழமையில் மீனோ இறைச்சியோ தொடுவதில்லை. ஆறு மாதம் ஒரே சட்டியில் சாப்பிட்டவருக்கு அது தெரியும்.

எள்ளுருண்டைப் போத்தல் என் தட்டுக்கு வந்திருக்கிறது. பாதி மிச்சம்.

ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. எறியத்தான் சொன்னார்.

ஜூலை 17

தவணையின் கடைசிப் பாடம். விடைத்தாள்களைக் கொடுத்தேன். கடலுக்கு எல்லோருக்கும் நல்ல புள்ளி.

"ஜனவரியிலை ஒரு வாக்குத் தந்தனான்" என்றேன். "நானும் எழுதுறன் எண்டு." யாருக்கும் ஞாபகமில்லை போலிருந்தது. கடைசி வாங்கில் ஒரு தலை நிமிர்ந்தது.

சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்து கோணல். நாலு வரிதான் வந்தது.

'என் ஊரில் ஒரு கோயில் இருக்கிறது. கோயிலின் தேர் ஒரு வாய்க்கால்வரை வந்து திரும்பிவிடும். என் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். யார் கேட்டாலும் நான் இந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.'

ஐந்தாவது வரிக்கு ஒருவரின் பெயர் வேண்டும். கொழுந்து மலையில் நிற்கும் அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அதனால் நிறுத்தினேன்.

திரும்பினேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. விறுவிறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று இருபத்திரண்டு கொப்பிகளிலும். நாற்பதாம் பக்கத்துக்குப் பதில் புதுக் கட்டுரை. அடுத்த தவணை எல்லோருக்கும் ஒரு வாய்க்கால் இருக்கும்.

லோகிதன் கையை உயர்த்தினான். "வாய்க்கால் எவ்ளோ அகலம் டீச்சர்?"

"ரெண்டு அடி."

"அவ்ளோதானா? பாஞ்சா தாண்டிரலாமே." கொப்பியில் அதையும் குறித்துக்கொண்டான்.

யுவராணி எழுதவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இது எங்கள எழுதச் சொல்றதா, நீங்க எழுதுனதா?"

"நான் எழுதினது."

"அப்ப நான் எழுதல" என்றாள். மணி அடிக்கும்வரை, மற்றவர்கள் எல்லோரும் வெளியே ஓடிய பிறகும், அவள் அதே இடத்தில் இருந்து, கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக, அந்த நாலு வரியையும் வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.